பெட்ஷீட்டின் மறுமுனை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று மிஷினை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று இல்லை.

புது வேலை பழகிவிட்டதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தலைக்குப் பழகிவிட்டது. காலுக்குத்தான் பழகவில்லை. இந்தப் பெரிய ஹோட்டல் லாண்டரியில் ஈர பெட்ஷீட்டின் இரண்டு முனைகளைக் கிளிப்பில் மாட்டினால் போதும். மிஷினே உள்ளே இழுத்து, காயவைத்து, மடித்து, அந்தப் பக்கம் புதுச் சட்டை மாதிரி தள்ளிவிடும். நாம் நின்ற இடத்தில் மரம் மாதிரி நிற்க வேண்டும். நான் என்ன செய்தேன்? முன்முனையை மாட்டிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பின்முனையையும் தூக்கிக்கொண்டு நேராக நடந்துபோய் மிஷின் வாயில் கொடுத்தேன். இந்தா பிடி என்கிற மாதிரி. துணி இரட்டையாக உள்ளே போய்ச் சுருண்டு, கடகட என்று ஒரு சத்தம், அப்புறம் சிவப்பு விளக்கு.

பழைய லாண்டரியில் அப்படித்தான் மடிப்போம். என்னோடு மடிக்கிறவள் ஒரு முனையைப் பிடித்து நிற்பாள், மறுமுனையோடு நான் நடப்பேன். இத்தனை வருஷம் நடந்த கால், சொன்னால் கேட்குமா?

சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவருக்கு நான் வைத்த பெயர் ஊமைப்படம். எல்லாமே கைச்சாடைதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மிஷின் இரைச்சலுக்காக இங்கே எல்லார் காதிலும் மூடி. ஏன் இப்படி என்று கையை விரித்தார். நான் என் காலைக் காட்டினேன். காலில் அடிபட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை. தனியாகச் சிரித்தால் வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

நாள் பூரா வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்காரர் தலையில் எல்லாவற்றையும் கொட்டுகிறேன். "எங்கயாவது எழுதித் தொலையேன்" என்றார். அதுதான் எழுதுகிறேன். படித்தது கொஞ்சம்தான். எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று வேலையில் பேசிய ஒரே வார்த்தை - "பாத்ரூம்".

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு முட்டி வீங்கியிருக்கிறது. குழாய் வேலை செய்கிறவர் குத்தவைத்து உட்கார முடியாவிட்டால் என்ன செய்வது? வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அடுப்படிக் குழாயைக் கழற்றினார். ராஜா மாதிரி இருக்கீங்க, கிரீடம்தான் குறை என்றேன். ஸ்பேனரை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். என்னோடு குடும்பம் நடத்தினால் கல்லும் விளையாடும்.

மகளுக்கு அந்த ஹோட்டலில்தான் ஆபீஸ் வேலை. அவள்தான் மேலிடத்தில் பேசி என்னை உள்ளே நுழைத்தாள். "அம்மா, அங்க சட்டையே குடுக்கறாங்க, வண்டி வந்து கூட்டிட்டுப் போகுது, உனக்கென்ன கொற?" என்கிறாள். குறை ஒன்றும் இல்லைதான். இடுப்பு வலிகூடக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் -

அந்த உம்மணாமூஞ்சி ஞாபகமாகவே இருக்கிறது. என்னோடு பெட்ஷீட் மடித்தவள். நான் வைத்த பெயர்தான் அதுவும். என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள். சிரிக்க மாட்டாள். ஒரு பெட்ஷீட் மடிப்பதற்குள் இரண்டு தடவை அவள் மூஞ்சிக்கு நேராக என் மூஞ்சி வரும். முனையை அவள் கையில் கொடுக்கும்போது ஒரு தடவை, கீழே தொங்கும் மடிப்பை எடுத்து நிமிரும்போது ஒரு தடவை. முதல் தடவை ஏதாவது ஒன்றைப் போடுவேன். இரண்டாவது தடவை பார்ப்பேன், உதடு அசைகிறதா என்று. அசைந்துவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரி.

மிஷினுக்கு உதடு இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஹோட்டலில் எனக்கு எதிரில் நிற்கிறவளைப் பார்த்து, "உன் மூக்கு பிழியாத துணி மாதிரி சொட்டுதுடி" என்றேன். அவள் தலையை ஆட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். காதில் மூடி. நல்ல பெண்தான் பாவம். அவளிடம் நாளைக்குச் சொத்தை எழுதி வாங்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

பஸ் நிறுத்தத்தில் இஸ்திரிக்காரரைப் பார்த்தேன். பழைய லாண்டரியில் எங்களுக்குப் பக்கத்து மேசை.

"என்ன தங்கச்சி, குளுகுளுன்னு வேலையாம். மூஞ்சி மட்டும் காயாத துணி மாதிரி இருக்கு?"

"நீங்க ஒரு இழுப்பு இஸ்திரி போட்டா சரியாயிடும்ணே." அப்புறம் மெல்லக் கேட்டேன், "அவ எப்படி இருக்கா?"

"தனியாதான் மடிக்கறா."

"தனியாவா? அவ்ளோ பெரிய பெட்ஷீட்ட ஒருத்தி எப்படிண்ணே?"

"என்னமோ பண்றா. வேற ஆளப் போடறேன்னு முதலாளி சொன்னாரு, வேணாம்னுட்டா."

"என்னப் பத்தி ஏதாச்சும்..."

"உன் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறா."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நான் இல்லாமல் கஷ்டப்படுகிறாள், என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று. இறங்குவதற்குள் அந்தச் சந்தோஷம் வெட்கமாக மாறிவிட்டது.

பிப்ரவரி 26, புதன்

வார லீவு. பழைய லாண்டரிக்குப் போனேன். முதலாளி ஒரு வார்த்தைக்கு ஒரு பெருமூச்சு விடுவார். ஆவி மிஷினும் அவரும் அண்ணன் தம்பி என்று சொல்வேன்.

"வாம்மா." பெருமூச்சு. "தொரத்திட்டாங்களா?"

"இல்ல முதலாளி. உங்க பெருமூச்சு காதுல விழாம எனக்குச் சோறு எறங்கல."

சிரிக்கவில்லை. "மடிக்கற எடத்துக்கு ஆளு வேணாம். அழுக்கு பிரிக்கற எடம் காலியா இருக்கு. நிக்கறதுன்னா திங்கக்கெழம வந்து நில்லு."

அழுக்கு பிரிக்கும் இடம் என்றால் பின்னால் தகரக் கொட்டகை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் துணிகளை உதறி, ரத்தம் தனி, வாந்தி தனி என்று பிரிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள்தான் அங்கே நிற்பார்கள். நிற்கிறேன் என்றேன். எப்படியும் நாலு நாளில் உம்மணாமூஞ்சி என்னை மடிக்கக் கூப்பிடுவாள், அவளால் தனியாக முடியாது.

அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் மேலே போகவில்லை. திங்கட்கிழமை பூனை மாதிரி பின்னால் போய் நின்று திடுக்கிட வைக்கலாம் என்று.

பிப்ரவரி 27, வியாழன்

மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, இல்லை, சொல்லித்தானே ஆக வேண்டும்.

"அழுக்கு பிரிக்கறதுக்கா? அதுக்கா போற?"

"கொஞ்ச நாளைக்குத்தான்டி."

"நான் கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலம்மா இது. நாளைக்கு ஆபீஸ்ல என் மொகத்தப் பாத்துக் கேப்பாங்க, உங்கம்மாவுக்கு என்னாச்சுன்னு. என்ன சொல்லட்டும்? எங்கம்மாவுக்கு அரட்டை அடிக்க ஆள் இல்ல, அதான் போயிட்டாங்கன்னு சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லு, உண்மைதான" என்றேன். விளையாட்டாகத்தான். ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. எனக்கும் எறங்கல. அவ கேட்டதுல என்ன தப்பு? ஒண்ணும் இல்ல. பெத்த பொண்ணு மானத்த வாங்கிட்டு நான் யார் மூஞ்சியப் பாக்கப் போறேன்?

வீட்டுக்காரர் மட்டும், "எழுத ஆரம்பிச்சதுலருந்து நீ பேசாம படுக்கற. எனக்கே பயமா இருந்துச்சு. போ" என்றார். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

போனேன்.

முன்பு நான் நின்ற இடத்தில் சுவரில் இரண்டு கொக்கி. இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு இடைவெளி விட்டு அடித்திருக்கிறது. உம்மணாமூஞ்சி பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை அதில் மாட்டுகிறாள், மறுமுனைகளைப் பிடித்துப் பின்னால் போய் ஒரு உதறு, சுவரை நோக்கி நடந்து சேர்க்கிறாள். முடிந்தது. இத்தனை வருஷம் நின்ற இடத்தில் நின்றவள், இப்போது அவள்தான் நடக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் மடித்ததைவிட வேகம்.

பின்னால் போய் நின்றேன். "என் எடத்துக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க போல. நல்லாப் பேசுவாங்களா?" என்றேன்.

திடுக்கிடவில்லை. திரும்பவும் இல்லை. "பேச மாட்டாங்க. போகவும் மாட்டாங்க" என்றாள். அடுத்த பெட்ஷீட்டை எடுத்து மாட்டினாள்.

நான் கொட்டகைக்குப் போனேன்.

மார்ச் 4, செவ்வாய்

எத்தனை தடவை சோப்பு போட்டாலும் கையில் அந்த வாடை. மகள் நான் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பாட்டு நேரம், குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். உம்மணாமூஞ்சியும் வந்தாள். வேறு யாரும் இல்லை. எத்தனை நாளுக்குத்தான் இப்படி என்று நானே ஆரம்பித்தேன்.

"நான்தான் திரும்பி வந்துட்டேன்ல? இன்னும் ஏன்டி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

தண்ணீரை நிறுத்தினாள். "போறதுக்கு மொத நாள் என்னக்கா சொன்ன?"

"போறேன்னு சொன்னேன்."

"ஒரு பெரிய ஹோட்டல்காரன் என்னக் கடத்திட்டுப் போகப் போறான், நாளைலருந்து தேடாதன்னு சொன்ன. சிரிச்சிட்டே சொன்ன. நானும் சிரிச்சேன்."

ஆமாம். உதடு அசைந்தது. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"மறுநாள் முனையக் கையில புடிச்சிட்டு நின்னேன். லேட்டா வருவன்னு நின்னேன். ஒடம்பு சரியில்லயோன்னு நின்னேன். இஸ்திரிக்காரர், முதலாளி, எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் வெளையாட்டு."

"உன்கிட்ட நேரா சொல்ல வரலடி. வெளையாட்டா சொன்னா வலிக்காதுன்னு..."

"யாருக்கு?"

வேறு யாருக்கு? எனக்கு. கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்டேன். "அழுதியா?"

"இல்ல. கொக்கி வாங்கிட்டு வந்து அடிச்சேன்."

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

யாருக்குன்னு கேட்டா பாரு. ஊரையே கிண்டல் பண்ணத் தெரியும் எனக்கு. ஒருத்திகிட்ட போயிட்டு வரேன்னு ஒழுங்கா சொல்லத் தெரியல.

மார்ச் 10, திங்கள்

ஆஸ்பத்திரியின் தடியான பெரிய போர்வைகள் துவைத்து மடிக்க வந்தன. கனத்துக்குக் கொக்கி தாங்காது, இரண்டு ஆள் வேண்டும். அவள் சுற்றுமுற்றும் பார்ப்பது கொட்டகை வாசலிலிருந்து தெரிந்தது. நான் கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்துக்கொண்டேன்.

இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டாள். அவருக்கு மடிக்கத் தெரியாது. மூன்று தடவை கோணலாகப் போயிற்று, மூன்று தடவையும் பிரித்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் மகள் பேசினாள். என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்களாம், இனிமேல் அங்கே கேட்க முடியாதாம். சரிம்மா என்றேன். "சரிம்மாவா? அவ்ளோதானா?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது கிண்டலாகச் சொல்வேன், அதற்குச் சண்டை போடலாம் என்று காத்திருந்தாள் போல. நான் அவளுக்குத் தட்டை எடுத்து வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிடம் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். மடிக்க வேண்டிய துணி ஆள் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. முதலாளி கொட்டகைக்கு வந்து, பெருமூச்சு விட்டு, "கைய நல்லாக் கழுவிட்டு மடிக்க வா" என்றார். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். வாடை போக மறுபடி கழுவினேன். போய் அவளுக்கு எதிரில், அந்தப் பழைய இடத்துக்கு, இரண்டு எட்டுதான் வைத்திருப்பேன்.

"அங்க இல்ல." முதலாளி எதிர்ச்சுவரைக் காட்டினார். "நீயும் ரெண்டு கொக்கி அடிச்சுக்க. ஆளுக்கு ஒரு செவரு. ரெண்டு பேரும் சேந்து ஒண்ண மடிக்கறதுக்கு, ஆளுக்கு ஒண்ணு மடிச்சா வேல சீக்கிரம் முடியும்ல?" சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவரே அவளைக் காட்டி, "இது கண்டுபுடிச்சது" என்றார். அவள் தலை குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுத்தியலும் கொக்கிகளும் கொடுத்தார்கள். எந்த உயரத்தில் அடிப்பது? தாழ்ந்தால் துணி தரையில் படும், உயர்ந்தால் தோள் போய்விடும். நான் சுவரில் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து நின்றது அவள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையசைத்தாள். சாக்பீஸை எடுத்துச் சுவரில் ஒரு புள்ளி வைத்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அளக்கவில்லை, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு கையையும் விரித்துத் தூக்கினேன். இரண்டு புள்ளியும் என் விரலுக்கு நேராக இருந்தன.

வாய் வரைக்கும் ஒன்று வந்தது. நல்ல கிண்டல், கட்டாயம் உதடு அசைந்திருக்கும். சொல்லவில்லை.

"சரியா இருக்கு" என்றேன்.

"தெரியும்" என்றாள். அவள் சுவருக்குப் போய்விட்டாள்.

கொக்கியை அடித்துவிட்டு, சாயங்காலம் வரை முதுகும் முதுகுமாக மடித்தோம்.