சித்தப்பா வீடு எந்தப் பக்கம்?

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்க மாட்டேன். சிறையில் யாரும் நலமாக இருக்க முடியாது. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டும் எழுது. இங்கே ஒற்றை அறையில் மூன்று பேர். நான் புத்தகத்தைத் திறந்தால் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிடுகிறாள். அப்பா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் "சத்தம் போடாதீங்க, பாப்பா படிக்குது" என்று சத்தம் போடுகிறார்.

போன வருஷம் பரீட்சை வாரத்தில்தான் நம் தெருவை இடிக்க வந்தார்கள். நீ இடிக்கிற மெஷினுக்கு முன்னால் நின்றாய். வீடு போனது, உன் பரீட்சை போனது, உன்னையும் கொண்டுபோனார்கள். இடித்தவனுக்கு இடமாற்றம்கூட இல்லை. இந்த வருஷம் நாம் இரண்டு பேரும் ஒரே கேள்வித்தாளை எழுதப்போகிறோம், நான் பள்ளியில், நீ அங்கே. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தடவை. தவறவிட்டால் புதுப் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீ தொடங்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும்.

அங்குள்ள புத்தகத்தில் இதயப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டதாக எழுதியிருந்தாய். பெரிய கேள்வி பெரும்பாலும் அதுதான். படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். மேலே இருப்பவை ஏட்ரியம், கீழே இருப்பவை வெண்ட்ரிக்கிள். "மேலறை, கீழறை" என்று உன் பாஷையில் எழுதிவிடாதே. புரிந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை, சொல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

உன்
வாயாடி

ஜனவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. படம் இருந்த இடத்தில் ஓட்டை வந்தது. கடிதம் பார்க்கிற அதிகாரி கத்தரியால் அழகாக வெட்டி எடுத்துவிட்டார். கூப்பிட்டு விசாரித்தார்.

"என்னடா இது, நாலு ரூமு, அங்கங்க கதவு, வெளிய போக அம்புக்குறி. எந்தக் கட்டடத்தோட பிளானு?"

"இதயம் சார்."

"எனக்கே கதை சொல்றியா? இதயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது?"

அவருக்குத் தெரிந்த இதயம் பிறந்தநாள் அட்டையில் இருப்பது. கோபப்படாதே. நான் சிரித்துவிட்டேன், அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

படம் வேண்டாம், வார்த்தையில் சொல். நீ சொன்னால் எனக்குப் புரியும். இருக்க இடமில்லாத வீட்டில் எனக்கும் சேர்த்துப் படிக்கிறாய். இங்கே ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னோடு இருக்கிற லாரி டிரைவர் அண்ணன் தினமும் கேள்வி கேட்கிறார். "டேய் டாக்டரு, தமனி எது, சிரை எது?" இதயத்தை விட்டுப் போவது தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை என்றேன். "அப்ப என் பொண்டாட்டி தமனிதான்" என்றார்.

அம்மாவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். பாதி உண்மை.

அண்ணன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பாடம் என்றால் வெட்டுவார்கள். அதனால் குடும்ப விஷயம் எழுதுகிறேன்.

நம் பழைய வீட்டை நினைத்துக்கொள். தெருவில் நின்று பார்த்தால் வலது பக்கம் நம் வீடு, இடது பக்கம் சித்தப்பா வீடு. நடுவில் ஒரே சுவர். அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டு, நடுவில் இருந்த கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்களே, அந்தச் சுவர். இந்த வீட்டுக்காரர் அந்த வீட்டுக்குள் நேராகப் போகவே முடியாது.

ஊரெல்லாம் அலைந்து களைத்து வருகிறவர் நம் முன்னறைக்குள் நுழைகிறார். அது வலது ஏட்ரியம். அங்கிருந்து பின்னறை, அது வலது வெண்ட்ரிக்கிள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மூவிதழ் வால்வு. ஒரு பக்கம்தான் திறக்கும், போனவர் திரும்ப முடியாது. பின்னறையிலிருந்து நுரையீரல் தமனி என்ற சந்து வழியாகப் பூங்காவுக்குப் போய்க் காற்று வாங்குகிறார். நுரையீரல் சிரை வழியாகத் திரும்பி வந்து சித்தப்பா வீட்டு முன்னறையில், அதாவது இடது ஏட்ரியத்தில் நுழைகிறார். பிறகு ஈரிதழ் வால்வு, பின்னறையான இடது வெண்ட்ரிக்கிள். அதன் சுவர்தான் எல்லாவற்றிலும் தடிமன், ஏனென்றால் அங்கிருந்துதான் பெருந்தமனி என்ற பெரிய ரோட்டில் ஊர் முழுவதற்கும் தள்ள வேண்டும்.

அந்த வீட்டை இடிக்க அவர்களால் முடிந்தது. இப்படி எழுதினால் திரும்ப நிற்கிறது, பார்.

உன்
வாயாடி

பிப்ரவரி 21

அண்ணா,

அவசரம். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இன்று வகுப்பில் வரையும்போதுதான் உறைத்தது. இதயம் நம்மைப் பார்த்து நிற்கிறது. அதன் வலது கை நமக்கு இடது பக்கம். நீ தாளில் வரையும்போது இடத்தை வலமாக்கு, வலத்தை இடமாக்கு. சித்தப்பா வீடு தாளின் வலது பக்கம் வர வேண்டும். எல்லாப் பெயரும் சரியாக எழுதி, பக்கம் மாறினால் மொத்தமும் போச்சு. கிடைத்ததும் ஒரு வரி போடு.

வாயாடி

மார்ச் 18

அன்புள்ள வாயாடிக்கு,

பரீட்சை முடிந்தது. உன் பிப்ரவரி ஆறாம் தேதிக் கடிதம் முழுசாக வந்தது. ஒரு எழுத்துகூட வெட்டவில்லை. அதிகாரி கூப்பிட்டு, "உங்கப்பாவும் சித்தப்பாவும் இப்ப பேசிக்கிறாங்களா, இல்லியா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அதன்பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. படிப்பு மும்முரம் என்று விட்டுவிட்டேன்.

இதயம்தான் கேட்டிருந்தார்கள், உனக்குத் தெரியுமே. கேள்வியைப் பார்த்ததும் நம் தெரு தெரிந்தது. வாசல் தெரிந்தது. மூவிதழ், ஈரிதழ் எல்லாம் நீ பக்கத்தில் இருந்து சொல்வதுபோல வந்தது. தங்கச்சி என்று உன்னைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது. எழுதினால் நீ கிண்டல் செய்வாய், பரவாயில்லை.

ஒரு இடத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் டிரைவர் அண்ணன் எதிரில் உட்கார்ந்து, "இங்க துடிக்குது பாரு, படிச்சதை வெச்சு இதென்னன்னு சொல்லு" என்று என் கையை இழுத்து அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அப்போது ஒன்று தோன்றியது. பரீட்சையில் வரைந்ததை அப்படியே கீழே வரைந்திருக்கிறேன், பார்த்தால் புரியும். நான் செய்தது தப்பா சரியா, அதை மட்டும் எழுது. அதுவரை தூக்கம் வராது.

அண்ணன்

மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

பிப்ரவரி 21ஆம் தேதி உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். பரீட்சைக்கு முந்தின நாள்தான் "அனுமதி இல்லை" என்ற முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது. 'இடத்தை வலமாக்கு, வலத்தை இடமாக்கு' என்று எழுதியிருந்தேன். ரகசியச் செய்தி என்று நினைத்திருப்பார்கள். என் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. நான் சரியாக வரைய வரைய, அதே நேரத்தில் நீ என்னால் தப்பாக வரைந்துகொண்டிருக்கிறாய் என்றே தோன்றியது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று உன் கடிதம் வந்தது. கீழே மறுபடியும் ஓட்டை. அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, புள்ள கடுதாசிய எலி கடிச்சிருக்கு?" என்றாள். எலிதான் என்றேன்.

ஆனால் அண்ணா, உன் அதிகாரி படத்தை மட்டும்தான் வெட்டியிருக்கிறார். பெயர்களை வெட்டவில்லை. ஓட்டையைச் சுற்றி உன் கையெழுத்தில் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ஏட்ரியம், வெண்ட்ரிக்கிள், ஒரு சொல் குறையாமல். தாளை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தேன். மேஜை மரம்தான் தெரிந்தது. ஓட்டையின் இடது ஓரத்தில் 'வலது வெண்ட்ரிக்கிள்' என்று இருந்தது. வலது ஓரத்தில் 'இடது வெண்ட்ரிக்கிள்', பக்கத்தில் சின்னதாக 'சித்தப்பா வீடு'.

சரி அண்ணா. எதிரில் உட்கார்ந்தவரின் இடது நெஞ்சு உனக்கு வலது பக்கம்தானே. எல்லாம் சரி. தூங்கு.

உன்
வாயாடி