வட்டத்துக்குள் தெரிவது

மார்ச் 4, செவ்வாய்

துவக்கு வந்துவிட்டது. குரங்குக்குப் போய் எயார் ரைபிளா என்று சிரித்த ராகலை ஊர்க்காரர்கள் இப்போது வந்து பார்க்கட்டும். போன போகம் கரட் முழுக்கக் குரங்குக்குத்தான். இந்த முறை விடமாட்டேன்.

உறைக்குள் மெத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தனுஜா பார்த்துவிட்டு, "தொட்டிலும் கட்டிருங்க, தாலாட்ட நான் வாறேன்," என்றாள். பெண்டாட்டி வாய்க்கு எந்த உறையும் காணாது.

மார்ச் 6, வியாழன்

செருப்புத் தைப்பவரிடம் தோள்வார் போட்டாயிற்று. ஸ்கோப்பும் பூட்டினேன். உரப்பையில் மண் நிரப்பி, துவக்கை அதன்மேல் கிடத்தி, பிஸ்கட் டின் மூடியைக் குறிவைத்தேன். முதல் குண்டுகள் இடது பக்கமாக இறங்கின. ஸ்கோப்பின் திருகைத் திருப்பித் திருப்பி, கடைசியில் நடு மூடியில் ஓட்டை.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் தேயிலைக் கொழுந்தின் நரம்புகூடத் தெரிகிறது. ஆனால் அந்த வட்டம் மட்டும்தான். பின்னால் மலை இருப்பதே மறந்துவிடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்துக் காம்பரா வீட்டு வீரம்மா அக்கா ரொட்டி கொண்டுவந்தார். "குரங்கு அனுமாரு தம்பி. வெரட்டி விடு, கொல்லாத."

"அனுமாரு கரட் தின்னதா எந்தக் கதையிலக்கா இருக்கு?"

சிரித்துக்கொண்டே போனார்.

மார்ச் 11, செவ்வாய்

என் தோட்டத்துக்கு நேர் மேலே ஒன்பதாம் நம்பர் தேயிலை மலை. அங்கே கொழுந்து எடுக்கிற நாளில் துவக்கு உறையைவிட்டு வெளியே வராது. மறுநாள் எந்த மலை என்று கொழுந்துக்குப் போய்வருகிற தனுஜாவிடம் ஒவ்வொரு பின்னேரமும் கேட்டுவிடுகிறேன். ஒரு பயமும் இல்லை.

பயமில்லை என்று ஏன் எழுதுகிறேன்?

மார்ச் 14, வெள்ளி

நேற்று தனுஜா ஏழாம் நம்பர் என்றாள். காலையில் நல்ல பனிமூட்டம். மேல் வரப்பில் பெரிய குரங்கு. வட்டத்துக்குள் அதன் முகம். சுட்டேன். அது தாவிவிட்டது.

மேலே மூட்டத்துக்குள் "அம்மா" என்று ஒரு சத்தம்.

ஏழில் மருந்தடிக்கிறார்களாம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வைத்துக் கண்டாக்கு ஐயா எல்லாரையும் ஒன்பதுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார். கீழே நிற்கிற எனக்கு யார் வந்து சொல்வது?

வீரம்மா அக்கா. இடது கண்.

தேயிலை வாதுக் குச்சி குத்திவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு நடக்கிறதுதான். அக்காவை ரோட்டுவரை நான்தான் தூக்கிவந்தேன். வாதுதான் என்று நானும் சொன்னேன்.

மார்ச் 15, சனி

நுவரெலியா ஆஸ்பத்திரி. அக்கா மகன் சுமனுக்குச் சிங்களம் கடைத்தெருவுக்கு மட்டும்தான் காணும். டாக்டரோடு பேச என்னைக் கூட்டிப்போனான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

இரும்பு, ஈயம் ஏதும் பட்டதா என்று டாக்டர் கேட்டார். இல்லை, மரக்குச்சி என்றேன்.

"என்ன மாமா கேக்குறாரு?" என்றான் சுமன்.

"வலிக்குதான்னு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பொலிஸ், துவக்கு, தனுஜா முகம், எல்லாம் ஒரு நொடியில் வந்துபோயின. அக்காவின் கண் மட்டும் நினைவில் வரவில்லை. சீ.

மார்ச் 16, ஞாயிறு

மருந்து விட்டுப் பார்க்கிறார்கள். வீக்கம் வற்றவில்லை. இன்னும் சொல்லலாம்.

மார்ச் 17, திங்கள்

"வெள்ளிக்கெழம சுட்டீங்களா?" என்றாள் தனுஜா.

இல்லை என்றேன். அவள் உறையைப் பார்த்தாள். 

மார்ச் 19, புதன்

நேற்று கண்ணை எடுத்துவிட்டார்கள். இன்று கட்டிலருகே சின்னத் தட்டொன்றை டாக்டர் நீட்டினார். நசுங்கிய ஈயக் குண்டு. சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். இது குச்சியில்லை. முதல் நாளே தெரிந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். எங்கிருந்து வந்ததென்று இவர்களிடம் கேட்டுச் சொல்.

"டாக்டர் என்ன மாமா சொல்றாரு?" என்றான் சுமன்.

சொன்னேன். என் துவக்குக் குண்டுதான் என்று, முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். அக்கா மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார்.