ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம்

மார்ச் 3

இன்றும் எழுந்து உட்கார மாட்டேன் என்றுவிட்டார் என் வீட்டுக்காரர். இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். பிசியோதெரபிஸ்ட் என்னைத் தனியே கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் உட்காராவிட்டால் அப்புறம் கஷ்டம் என்றார். இவருக்கு வலி. எனக்குக் கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 5

பீரோ மேல், அவர் தோட்டத்தில் ஓட்ட வாங்கிய பொம்மை ரயில், தண்டவாளம் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள், ஆறு வருடமாகப் பிரிக்காமல். "இந்த வயசுல பொம்மையா?" என்று கேட்டு மூட வைத்தது நான்தானே? நானே போட்டுவிடப் போகிறேன், அவர் ஜன்னலுக்கு நேராக. சொல்லப் போவதில்லை.

மார்ச் 9

மண் வெட்டி, சரளை கொட்டி, பலகை பதித்து, பித்தளைத் தண்டவாளத்தை ஸ்குரூ போட்டு முறுக்கிவிட்டேன். துண்டுகளை இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று முட்ட வைத்தேன். யானை வந்தாலும் அசையாது.

மார்ச் 10

மதிய வெயிலில் பார்த்தால் அத்தனையும் நெளிஞ்சு கெடக்கு. முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம். செங்கல் மேல உக்காந்து அழுதேன்.

மார்ச் 11

நாத்தனார் அண்ணனைப் பார்க்க வந்தாள். தையல்காரி. எனக்கும் அவளுக்கும் பேச்சு அளவோடுதான். தோட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோ இறுக்கிப் புடிச்சா எப்படி அண்ணி? வெயில்ல பித்தளை நீளும்ல. ஜாக்கெட்லகூட மூச்சு விட இடம் வெச்சுத்தானே தைக்கறோம்."

பொழுது சாயும்வரை இருந்தாள். ஸ்குரூவையெல்லாம் தளர்த்தி, ஒவ்வொரு இணைப்பிலும் விசிட்டிங் கார்டு செருகி அந்தக் கனத்துக்கு இடைவெளி விட்டோம். இத்தனை வருடம் வாயாடி என்று ஒதுக்கி வைத்தேனே இவளை. வாய்விட்டு நன்றி சொன்னேன். நம்பாமல் பார்த்தாள்.

மார்ச் 15

நாலு நாள் கொளுத்தும் வெயில். நெளியவில்லை.

மார்ச் 16

எஞ்சினை ஓட விட்டுவிட்டு அவர் அறைக்கு ஓடினேன். தலையில் அடித்துக்கொண்டேன். படுத்திருப்பவருக்கு அந்த ஜன்னலில் வானம்தான் தெரியும். ரயில் தரையில். ஒரு தடவையாவது கட்டிலில் படுத்துப் பார்த்தேனா?

வெளியே டக்-டக், டக்-டக் என்று இடைவெளிகளைத் தாண்டும் சத்தம்.

"என்ன அது?" என்றார்.

"உங்க ரயிலு."

இன்னொரு சுற்று வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்தார். கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு, தானாகவே எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"வளைவுல வேகம் ஜாஸ்தி" என்றார்.

ஐயோ, என்ன இனிப்பான குறை! சமையலறைக்குப் போய் நாத்தனாருக்குப் போன் போட்டேன். இருவரும் அழுதோம்.

மார்ச் 17

பிசியோதெரபிஸ்ட் வந்தபோது இவர் உட்கார்ந்தபடி எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். புது விரிப்பெல்லாம் கறை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.