மூன்று கை மாறும் தட்டு

மொம்பாஸா, பழைய நகரம்

அன்பு மகன் அத்மானுக்கு,

உன் அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நீயும் மருமகளும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அப்பாவுக்குப் பல் கட்டியாகிவிட்டது, இப்போது காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு திரிகிறார்.

சென்ற மாதம் போனில் நீ, "ஏம்மா வம்பு, அவங்க குடுக்குற கடைய வாங்கிட்டு நிழல்ல உக்காந்து வியாபாரம் பாரேன்" என்றாய். பக்கத்தில் மருமகள் இருந்தாளே என்று பொறுத்துக்கொண்டேன், இப்போது கேள். மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் நம் சந்து முனையில் நாங்கள் மூன்று பேர் கரி அடுப்பு மூட்டுவது உனக்குத் தெரியாததா? நான் உருளைக்கிழங்கைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்துப் போட, குஸும்பென் அதன்மேல் புளிச் சட்னி ஊற்ற, கட்ஸோ மரவள்ளி வறுவலை நொறுக்கித் தூவி எலுமிச்சை பிழிய, தட்டு மூன்று கை மாறித்தான் தின்கிறவன் கைக்குப் போகும். இப்போது கோட்டைப் பக்கம் உணவுப் பாரம்பரிய மண்டபம் என்று ஒன்று கட்டி, இனத்துக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு பலகை என்று பிரித்துவிட்டார்கள். நான் சுவாஹிலியாம், குஸும்பென் இந்தியராம், கட்ஸோ கிரியாமா இனமாம். சந்தில் இனி அடுப்பே எரியக் கூடாதாம். இதை நடத்துகிறவன் வேறு யாருமில்லை, நம் பேட்டை ஸுபேர்தான். "அவங்கவங்க பாரம்பரியத்த அவங்கவங்க காப்பாத்தணும் மாமி, கலந்துட்டா வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது" என்று எனக்கே பாடம் எடுத்தான். புரியாதவனுக்காகவா நாங்கள் சமைக்கிறோம்? ஜல்லிக்கரண்டியை ஓங்கிவிட்டேன். குஸும்பென்தான் கையைப் பிடித்து, "விடுங்க அத்மான் அம்மா, அவன் சொன்னபடியே செஞ்சு காட்டுவோம்" என்றாள்.

திறப்பு விழாவில் அப்படியே செய்தோம். கடலை மாவு குஸும்பென் ஆட்களோடு வந்தது என்பதால் நான் அதைத் தொடவில்லை, கிழங்கை அவித்து உரித்து வெறுமனே அடுக்கினேன். கிழங்கு எந்தக் கப்பலில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. குஸும்பென் ஒரு பானைச் சட்னியோடு நடுவில், கட்ஸோ வறுவலோடு மறுகோடியில். தலைமை விருந்தினர் ஒரு வாய் கடித்துவிட்டு, "சட்னி எங்கம்மா?" என்றார். "அது வேற இனங்க ஐயா, அந்த வரிசைல போய் நில்லுங்க" என்றேன். சந்தில் தினமும் எங்களிடம் தின்கிற துறைமுகத்துச் சுமைகாரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கடை அலைந்து பார்த்தார்கள். பிறகு, "இது என்னடா கூத்து!" என்று கத்திக்கொண்டு கட்ஸோவின் மேசையை வறுவலோடு தூக்கி வந்து என் மேசையோடு ஒட்டிப் போட்டார்கள். குஸும்பென் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே வந்து சேர்ந்தாள். ஸுபேர் பலகைகளைக் கையில் வைத்துக்கொண்டு எதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் நின்றான். முதலில் சிரித்தேன், அப்புறம் அழுகை வந்துவிட்டது.

மறுநாளே எங்கள் மூன்று கடைகளையும் ரத்து செய்துவிட்டார்கள். செய்யட்டும். அன்று மாலையே சந்தில் அடுப்பு மூட்டினோம். நகராட்சி வண்டி வந்து கட்ஸோவின் அடுப்பை அள்ளிக்கொண்டு போனது. "அடுப்புதானே போச்சு, கை போகலையே" என்று சொல்லிவிட்டு அவள் இப்போது என் அடுப்பிலேயே வறுக்கிறாள். என் அடுப்பையும் தூக்கினால் குஸும்பென் வீட்டு வாசலில் மூட்டுவோம். பயமில்லை என்று சொன்னால் பொய், வண்டிச் சத்தம் கேட்டாலே தலை தானாகத் திரும்புகிறது. ஆனாலும் அடுப்பை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அதனால் இனிமேல் போனில் எனக்கு நிழல் காட்டாதே.

இரண்டு பேரும் நூறாண்டு நிறைவாக வாழ துஆ செய்கிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. ஊருக்கு வரும்போது எங்களை அந்த மண்டபத்தில் தேட வேண்டாம், புகை தெரிகிற பக்கமாக நடந்து வா.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா
மைமூனா