அடுப்புக்கு மேல் அறை

ஃபோர்ட் கென்ட்,
ஜனவரி 19

அன்புள்ள ஜோஸ்லினுக்கு,

டூசான் வெயிலில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாளாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் குளிர் படவே கூடாது என்றார் டாக்டர். எங்கள் படுக்கையறைதான் உனக்குத் தெரியுமே, வடக்கு மூலை, விறகடுப்பு எவ்வளவு எரிந்தாலும் சூடு கூடத்தைத் தாண்டாது. அடுப்புக்குப் பின்னால் மின்விசிறியை வைத்து அறைப்பக்கம் ஊதவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துப் பண்ணை லியோனல் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். டேய் நார்மண்ட், நாப்பது வருஷமா விறகு எரிக்கிற, இதுகூடத் தெரியாதா, விசிறியக் குளிர் ரூம் தரையில வச்சு அடுப்பப் பாத்து ஊதவிடு, குளிர் வெளிய வந்தா சூடு தானா மேலால உள்ள போகும் என்றான். அவன் சொன்னது சரிதான், கொஞ்சம் சூடு வந்தது, ஆனால் வெளியே மைனஸ் முப்பது, அந்தக் கொஞ்சம் அவளுக்குப் போதவில்லை, இருமல் நிற்கவில்லை.

அதனால் மாடியில் உன் அறைக்கு அவளை மாற்றலாம் என்று நினைத்தேன். அடுப்புக்கு நேர் மேலே இருப்பது அதுதான். சூடு ஏறுவதற்காக உன் அறைத் தரையை அறுத்து நான் பதித்த இரும்புச் சல்லடை இருக்கிறதே, அதைத் திறக்கக் கம்பளத்தைத் தூக்கினேன். சல்லடை தெரியவில்லை, உன் பழைய போர்வையை நாலாக மடித்து அதன்மேல் திணித்திருந்தாய். உன் அண்ணன் ரெமி இறந்த அந்தக் குளிர்காலம் முழுக்க நீ கோட்டுப் போட்டுக்கொண்டு தூங்கியதும், பிடிவாதக்காரி என்று நான் உன்னைத் திட்டியதும் நினைவுக்கு வந்தன. போர்வையை எடுத்துவிட்டு அம்மாவைப் படுக்க வைத்தேன். சாயந்திரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கீழே லியோனல் அடுப்பில் விறகு போட்டுக்கொண்டே தன் மனைவியோடு போனில் பேசினான். பாவம் ரென், இந்த நேரத்துல மகளும் பக்கத்துல இல்ல என்று அம்மாவைப் பற்றிச் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் காதருகே பேசியதுபோல் கேட்டது. எடுத்து வைத்த உன் போர்வையைத் திரும்பிப் பார்த்தேன், நீ அதை எதற்குத் திணித்தாய் என்று அப்போதுதான் புரிந்தது.

ஏரிப் பனி உடைந்து ரெமி மூழ்கி இறந்த வாரம், அதே அடுப்பு முன்னால், இதே லியோனலிடம் நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை. என் பிள்ள போயிட்டான், இனி இந்த வீட்ல எனக்கு யாருடா இருக்கா என்றேன். நீ மேலே இருந்தாய். ஒன்பது வருஷமாக நீ வராததற்குத் தூரம், வேலை, விடுமுறை கிடைக்கவில்லை என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். உனக்குத் தவறாகக் கேட்டது என்று இப்போது எழுதலாம், துக்கத்தில் உளறினேன் என்றும் எழுதலாம். ஆனால் சொன்னேன், சொன்னது தப்பு. நீ மேலே இருக்கிறாய் என்பதே அன்று என் நினைவில் இல்லை, அது அதைவிடப் பெரிய தப்பு.

நேற்றுக் காலை அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தவன், மறுபடியும் அதே மறதியில், மன்னிச்சுடு ஜோஸ்லின், எனக்கு நீ இருந்தியே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மேலேயிருந்து இருமலோடு அம்மாவின் குரல் இறங்கி வந்தது. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, அவகிட்டச் சொல்லுங்க என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வேளைக்குச் சாப்பிடு. வருவதென்றால் தடித்த கோட்டு எடுத்துக்கொள், ப்ரெஸ்க் ஐல் விமான நிலையத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். வராவிட்டாலும் அம்மாவிடம் ஒருமுறை பேசு, அவள் ஃபோன் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
நார்மண்ட்

பி.கு. உன் போர்வையைத் துவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அது இனி போர்த்திக்கொள்ள மட்டும்.