ஜோடிக்கு ஒரு ஃப்ளாப்பி

அக்கா,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். உன் காரியத்தன்று எல்லாரும் உன் படத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நானும் துடைத்தேன். ஆனால் துடைத்த முந்தானைக்கு மேலாக நான் தேடியது உன் லேப்டாப் பையைத்தான். அது யார் கைக்குப் போகப் போகிறதோ என்று ஒரே தவிப்பு. அந்தக் கம்ப்யூட்டர் டீச்சர் வேறு பீரோ பக்கமாகவே நின்றார். எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் உன் தம்பி அதை என்னிடம்தான் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி பையைத் திறந்தேன். அந்துருண்டையும் சந்தன சோப்பும் கலந்து உன் வாசனை வந்தது. உள்ளே பட்டுத் துணியில் சுற்றி, தொட்டில் பிள்ளை மாதிரி அதைப் படுக்கவைத்திருந்தாய். என் கல்யாணப் புடவைக்கே அப்படி ஒரு உறை கிடையாது. பொறாமை போகவில்லை அக்கா. நீ போன பிறகும் போகவில்லை.

அது வருவதற்கு முன்னால் நாம் எப்படி இருந்தோம்! நீ சிட்லபாக்கம் ஆபீசர் வீட்டம்மா. நான் மேற்குத் தாம்பரத்தில் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஜாதகம் பார்க்க உன் மூளை, வாயடிக்க என் வாய் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஊரெல்லாம் வரன் பார்த்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் துணிப்பையை உதறி, போட்டோக்களைப் பாயில் பரப்புவேன். "இவரு மீசைதான் பெருசு, வாயே தொறக்க மாட்டாரு. இத்த விட்டா உன் பொண்ணுக்கு லாபம் ஏது?" என்பேன். பெண்ணைப் பெற்றவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

உன் தம்பி சிங்கப்பூரிலிருந்து வரும்போது அந்தப் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அதோடு என் போட்டோக்களுக்கு மவுசு போனது. நீ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதற்குள் ஏற்றிவிட்டாய். மூடியைத் திறந்தால் போதும், கோலம் போட்டுக்கொண்டிருப்பவள்கூட மாவுக் கையோடு ஓடிவருவாள். சேலையூரில் ஒரு வீட்டு வாசலில் என் காதாலேயே கேட்டேன்.

"லேப்டாப் அம்மா வந்துகினு கீது!"

"கூட வர்றது யாரு?"

"அது சும்மா, பை தூக்கினு வரும்."

நீ அதைக் கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரை ஒரு காரணமும் இல்லாமல் திட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் அந்த லேப்டாப் சீமாட்டிக்கு நடை தளர்ந்துபோனது. நேற்று வரை ஓடியது, இன்று நகரவில்லை. ஒரு படத்தைத் தட்டினால் அம்புக்குறி போய், காத்திரு என்கிற மாதிரி குட்டி உடுக்கை ஒன்று வந்து நின்றது. நாம் காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்த பிறகுதான் மாப்பிள்ளையின் தலைமுடி மட்டும் தெரிந்தது. நீ அணைத்து அணைத்துப் போட்டாய். சூடாகியிருக்கும் என்று எனக்கு வீசிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினாய். எனக்கு வேர்த்து ஊற்றியது, அது ஜில்லென்று உட்கார்ந்திருந்தது.

"உன் கண்ணுதான்டி பட்டிருக்கு" என்றாய்.

"பட்டா உடனே படுத்துக்குமா அது? எங்க வூட்டுக்காரரு மேல இத்தினி வருஷமா பட்டுகினு கீது, நல்லாத்தானே நடக்கறாரு?"

நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாய்: "வெள்ளிக்கிழமை படப்பையில பெரிய வீடு. அங்க போய் இது நின்னுட்டா மானம் போயிடும். டீச்சரையும் அழைச்சிட்டுப் போகலாம்னு பார்க்கறேன். ஆட்டோவில ரெண்டு பேருக்குத்தான் வசதி."

ரெண்டு பேர். அதில் நான் இல்லை.

உங்கள் தெரு மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் அந்த டீச்சர் வந்தார். நீ அவருக்கு வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாய். எனக்கு எவர்சில்வர். அவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உன்னைப் பார்த்தார். "மேடம், உள்ள இடமே இல்ல. நிரம்பி வழியுது. மூச்சு விட முடியாம தவிக்குது. கல்யாணம் முடிஞ்சவங்களையும் ஏன் வெச்சிருக்கீங்க? அழிச்சிடுங்க, பறக்கும்."

உனக்கு முகம் செத்துவிட்டது. "தாலி கட்டினவங்க படத்தை அழிக்கறதா? நாம பார்த்து முடிச்ச கல்யாணம். என் கை வராது டீச்சர். அதுங்க நல்லா வாழணும்."

அவர் நியாயம் பேசினார், நீ தலையாட்டவே இல்லை. வெள்ளிக்கிழமையோ நெருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா நீ? பொண்ண கட்டிக் குடுத்துட்டு நடுவூட்லயே வெச்சிகினா வூடு தாங்குமா? புருஷன் வூட்டுக்கு அனுப்பு. அனுப்பிச்சா அழிச்சதாவா ஆயிடும்?"

டீச்சர் சிரித்தார். "அதேதான். ஃப்ளாப்பித் தகட்டுல ஏத்தி வெச்சிடலாம்னு நானும் சொல்ல வந்தேன்." சொல்ல வந்தாராம்!

நீ உடனே எழுந்துபோய் மஞ்சள் குங்குமம் எடுத்துவந்தாய். ஜோடிக்கு ஒரு ஃப்ளாப்பி என்று முடிவானது. பெண்ணும் மாப்பிள்ளையும் லேப்டாப்பிலிருந்து இறங்கி ஒன்றாக அதில் ஏறினார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாய். டீச்சர் கிளம்பிப் போன பிறகும் நாம் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு படமாகத் திறந்து, "இவருக்கு ஆயிடுச்சாடி?" என்று கேட்டாய்.

"ஆயிடுச்சு. மாமியாகாரியோட சண்டகூட ஆயிடுச்சு."

"இவருக்கு?"

"இன்னும் இல்ல. பாவம், பாத்துகினே கீறாரு. வெச்சிக்கோ."

ரொம்ப நாளைக்குப் பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, "டீச்சர் வேணாம். படப்பைக்கு நீ வா. அங்க நீயே தட்டு" என்றாய்.

அந்த ஃப்ளாப்பிப் பெட்டியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான்தான் வீடு வீடாகப் போகிறேன். கதவைத் திறப்பவர்கள் என் கையில் இருப்பதைப் பார்க்கிறார்கள், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார்கள். "லேப்டாப் அம்மா வரலயா?" என்கிறார்கள். நான் மூடியைத் திறந்து முதல் படத்தைக் காட்டுகிறேன். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது அக்கா. எனக்குத் தேவைப்பட்டது நீ பக்கத்தில் நகர்ந்து கொடுத்த அந்த இடம்தான், உன் இடம் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். படப்பைப் பெரிய வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். இரண்டாவது பெண்ணுக்கு வரன். நீ லேப்டாப்பை என் முன்னால் நகர்த்தினாய். நான் தட்டினேன். உடுக்கையே வரவில்லை, படம் பளிச்சென்று வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கமான பையன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இவரைவிட நல்ல மாப்பிள்ளை இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று சொன்னேன்.

வீட்டம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவரு எங்க பெரிய மாப்ள. உள்ள சாப்ட்டுகினு கீறாரு. கூப்புடவா?"

கூப்பிட்டார்கள். அவர் கை கழுவிக்கொண்டு வந்து, குனிந்து படத்தைப் பார்த்தார். அந்தச் சட்டை இப்போது தனக்குப் பத்துவதில்லை என்றார்.