ஊசி உடைந்தால் கை தூக்க வேண்டும்

செஞ்சி
18 ஜனவரி

அன்பு மகள் ரஞ்சனிக்கு,

நானும் உன் நைனாவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் அதற்கு உடன்படவில்லை, அதை நாங்கள் கேட்பதும் இல்லை. அந்த வின்னிபெக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நித்திலனும் சளி இருமல் இல்லாமல் இருக்க மேல்மலையனூர் அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு எதற்கு அந்த ஜெயிலுக்குத் தினமும் பஸ் ஏறுகிறாய் என்று போனில் மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் நான் பதிலை ஆரம்பித்தேன், மூன்று முறையும் நீ நடுவில் புகுந்து சரிம்மா சரிம்மா என்றாய். கடிதத்தில் அப்படிப் புக முடியாது, அதனால் எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காத செய்தி ஒன்று கடைசியில் இருக்கிறது, நேராக அங்கே தாவாமல் வரிசையாகப் படி.

உன் நைனா தொண்டூர் நிலத்தில் மணிலா போட்டிருக்கிறார். மயில்கள் விதைக் கடலையைத் தோண்டித் தின்கின்றன, இவர் அவற்றோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறார். கோட்டைக்கு உலகப் பட்டியலில் இடம் கிடைத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லை. போன வாரம் உன் மாமன் பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்து மலை ஏறினார்கள். கைதிகள் கிணற்றைப் பார்த்துவிட்டு, இதில் தூக்கிப் போட்டுப் பட்டினியாகவே விட்டுவிடுவார்களாமே அத்தை என்று முகம் வாடிக் கேட்டார்கள். ஆமாம், அந்தக் காலத்து ராஜாக்கள் கைதிகளுக்காக வைத்திருந்த திட்டம் அது, அதில் போனவர் யாரும் மறுபடி குற்றம் செய்ததாகத் தகவல் இல்லை, நான் நடத்துகிற திட்டத்துக்கு அவ்வளவு நல்ல புள்ளிவிவரம் கிடையாது என்றேன். பெரியவன் சிரித்தான், சின்னவள் என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

என் திட்டம் உனக்குத் தெரிந்ததுதான். பெண்கள் சிறைக்குள் ஒரு கூடம், பதினெட்டு மெஷின், பதினெட்டுப் பெண்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கக் கற்றுக்கொடுக்கிறோம். நன்றாகத் தைத்தால் ஒரு ஷூ கம்பெனி எங்களுக்கு ஆர்டர் தரும், தண்டனை முடிந்து போகிறவர்களை வேலைக்கும் எடுத்துக்கொள்ளும். முப்பது வருஷம் ஐடிஐயில் தையல் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது புதிதில்லை என்று நினைத்துத்தான் பொறுப்பை ஏற்றேன். தையல் புதிதில்லைதான். ஆனால் கம்பெனியின் சட்டம் ஒன்று: ஊசி உடைந்தால் உடனே மெஷினை நிறுத்தி, கை தூக்கி, உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும், ஒரு துண்டு ஷூவுக்குள் தங்கினால் போடுகிறவர் காலில் ஏறும். சிறையின் சட்டம் வேறு: எண்ணிக் கொடுத்த ஊசியை எண்ணித் திருப்ப வேண்டும், குறைந்தால் சம்பந்தப்பட்டவளுக்கு அந்த மாத மனு கிடையாது. மனு என்றால் சொந்தக்காரர் வந்து பார்க்கிற நாள், உள்ளே அதற்கு அதுதான் பெயர். ஆக ஒரே ஊசி உடைந்ததற்குக் கம்பெனி கை தூக்கச் சொல்கிறது, சிறை தூக்கிய கையைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் சம்பளம் வாங்குகிறேன்.

நவம்பரில் நாற்பது ஜோடி மாதிரி தைத்து அனுப்பினோம். கம்பெனியில் இரும்பு கண்டுபிடிக்கிற மெஷின் ஒன்று உண்டு, ஒரு ஷூ உள்ளே போனபோது அது கத்தியது. கணுக்காலைச் சுற்றி வைக்கிற பஞ்சுக்குள் ஊசி முனை. தரம் பார்க்கிற அதிகாரி சாலமன் எனக்குப் போன் செய்து, மேடம், இனிமே அனுப்பாதீங்க என்ற மூன்று வார்த்தையோடு வைத்துவிட்டார். அந்த ஷூ திரும்பி வந்த அன்று சிறைக்குள் முழுக்கச் சோதனை. கண்காணிப்பாளர் பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி யார் என்று கேட்டார், பதினெட்டுப் பேரும் சுவரைப் பார்த்தார்கள். தலைமைக் காவலர் விருத்தாம்பாள் என்னிடம் வந்து, இன்னா டீச்சர், தைக்கக் கத்துக் குடுக்கறேன்னு வந்துட்டு ஊசி கடத்தக் கத்துக் குடுத்துட்டியா என்று எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தார். கோபப்பட எனக்கு நேரமில்லை, அந்த ஷூவில் இருந்த தையலை நான் பார்த்துவிட்டேன். அப்படி இடைவெளி பிசகாமல் தைக்கிறவள் அந்தக் கூடத்தில் ஒருத்திதான்.

ராயம்மாள். சீயமங்கலம் பக்கத்து ஊர்க்காரி, ஏழு வருஷமாக உள்ளே இருக்கிறாள். மூன்று வயதில் விட்டு வந்த மகள் டெய்சிக்கு இப்போது பத்து வயது, கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் படிக்கிறாள். அம்மாவுக்கு ஒரு வேலையும் குடியிருக்க ஓர் இடமும் இருப்பதற்குக் காகிதம் காட்டினால் பிள்ளையைத் தருவோம், இல்லாவிட்டால் பதினெட்டு வயதுவரை விடுதிதான் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி வேலை கொடுத்தால் அவர்கள் ஹாஸ்டலிலேயே தாய்க்கும் பிள்ளைக்கும் அறை உண்டு. வேறு யாரும் இவளுக்கு வேலை தரப்போவதில்லை. அப்படிப்பட்டவள்தான் ஊசியைப் பஞ்சுக்குள் திணித்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்துத் தானாகவே வந்து சொன்னாள். மேடம், சேலையில தேடுவாங்க, முடியில தேடுவாங்க, வாயத் தொறந்து பாப்பாங்க, ஆனா தெச்ச சாமான்ல மட்டும் யாரும் தேட மாட்டாங்க, அதான் முனைய உள்ள வெச்சுட்டு மிச்சத்த மத்த ஊசியோட கலந்து எண்ணிக் குடுத்துட்டேன், மறுநாள் எம்பொண்ணு மனுவுக்கு வர்ற நாளு மேடம் என்றாள். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவா, போன தபா எம்மேல சாஞ்சு தூங்கிட்டா என்றாள். அந்த ஷூவை ஒரு பிள்ளை போட்டிருந்தால் என்று கேட்டேன். அது நெனப்பே வரல மேடம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொய் சொல்லவில்லை. ஏழு வருஷம் மறைக்கப் பழகியவளுக்கு நான் ஆறு மாதத்தில் தையல் மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தப்பு என் பாடத்திட்டத்தில்.

அவள் பெயரை நான் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு எழுதினேன், இது சாதாரண மனு. ஊசி உடைந்ததும் கை தூக்குகிறவளுக்குத் தண்டனை இல்லை, நோட்டில் ஒட்டிய துண்டுகள் திருப்பிக் கொடுத்த ஊசிக்குச் சமம், இவ்வளவுதான். இதற்கு முன்னுதாரணம் இல்லையே என்றார். இருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன் அய்யா என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்ப்பதற்கு வசதியாக நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் அறைக்கு எதிர் பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் கூப்பிட்டு ஒரு மாதம் சோதனையாக அனுமதி கொடுத்தார். அந்த மாதத்தில் ஒரு துண்டு காணாமல் போனாலும் கூடத்தை மூடிவிடுவேன், நீங்களும் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார், போட்டேன். பிறகு கம்பெனிக்குப் போய் சாலமனிடம், எங்கள் கூடத்துக்கு வந்து உங்கள் கண்ணால் பாருங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை, விட்டால் இந்த அம்மாள் இங்கேயும் பெஞ்ச் தேடுவார் என்று தெரிந்து ஒப்புக்கொண்டார்.

கை தூக்கச் சொல்லிக் கொடுப்பது தைக்கச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரம் ஊசி உடைந்தால் அப்படியே உறைந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானே ஒரு மெஷினில் உட்கார்ந்து வேண்டுமென்றே ஊசியை உடைத்துக் கை தூக்கிக் காட்டினேன். டீச்சருக்கு இந்த மாசம் மனு கட் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, கூடமே சிரித்தது. மூன்றாம் வாரத்தில் இரண்டு பேர் தூக்கினார்கள். ராயம்மாள் ஊசி உடையாமலே தைத்துக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்குக் கவலை.

பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை சாலமன் வந்தார். கண்காணிப்பாளர் வாசலில் நிற்க, விருத்தாம்பாள் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருக்க, பத்தாவது நிமிஷத்தில் ராயம்மாளின் மெஷினில் டக்கென்று சத்தம். மறு ஞாயிறு டெய்சி வருகிற நாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினால் அது என் கை ஆகிவிடும் என்று மின்விசிறியைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அந்த மின்விசிறிக்கு ஒரு பிளேடு கோணல் என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும். திரும்பினால் கை மேலே இருந்தது. ஊசி ஒடஞ்சிருச்சி மேடம் என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். எல்லா மெஷினும் நின்றது. இரண்டு துண்டு உடனே கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. சாலமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காந்தத்தோடு தரையில் ஊர்ந்தார். அரை மணி நேரம் போயிற்று. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கண்காணிப்பாளர் மனதுக்குள் படித்துக்கொண்டிருப்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்போது சுவரோரம் உட்கார்ந்து பூட்ஸைத் திருப்பிப் பார்த்த விருத்தாம்பாள் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. தட்டிவிட்டிருந்தால் யாருக்கும் தெரியாது, சொன்னால் கவனக்குறைவு என்று அவருக்கே மெமோ வரும். மெல்லக் கை தூக்கினார். அய்யா, என் பூட்ஸ் அடியில கீது என்றார். பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். இன்னாடி சிரிப்பு, டேப் எடுத்தாங்கடி என்று அவரே போய் நோட்டில் ஒட்டினார். மெமோ வரவில்லை. எங்க கம்பெனியில புதுசா சேர்ந்தவங்க ஊசி உடைஞ்சா ஆறு மாசம் வரைக்கும் கை தூக்காம ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பாங்க மேடம், இங்க தூக்கிட்டாங்க என்று சாலமன் கிளம்பும்போது சொன்னார். நேற்று ராயம்மாளுக்கு வேலைக் கடிதமும் எங்களுக்கு இருநூறு ஜோடி ஆர்டரும் வந்தன. சோதனை மாதமும் முடிந்தது, அந்த அனுமதியை நிரந்தரமாக்கச் சொல்லி இன்று அடுத்த மனு எழுதியிருக்கிறேன். பெஞ்ச் இருக்கிற இடம் அவருக்கும் தெரியும்.

இப்போது அந்தப் பிடிக்காத செய்தி. நான் அங்கே வர பிப்ரவரி ஆறாம் தேதிக்கு நீ போட்ட டிக்கெட்டைப் பதின்மூன்றுக்கு மாற்றிவிடு. பத்தாம் தேதி நித்திலனுக்கு முதல் பிறந்தநாள் என்பது எனக்குத் தெரியும், அவனுக்கு எடுத்து வைத்த வெள்ளிக் கொலுசைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் பதினொன்றாம் தேதி காலை ராயம்மாள் வெளியே வருகிறாள். அங்கிருந்து விடுதிக்குப் போய்க் கடிதத்தைக் காட்டிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போக வேண்டும், மூன்று பஸ். அவளை அழைத்துப் போக வேறு ஆள் இல்லை. விஷயம் தெரிந்து, பேரன் பொறந்தநாள விட்டுட்டா மேடம், நீங்க போங்க, நான் பஸ் ஏறிப் போயிக்குவேன் என்றாள். போவாள்தான். ஆனால் அவள் உள்ளே போனபோது பெண்களும் டவுன் பஸ்ஸில் காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. இப்போது பெண்களுக்கு இலவசம், கண்டக்டர் காசு வேண்டாம் என்று கையைத் தள்ளினால், என்ன தப்பு செய்தோமோ என்று நடுவழியில் இறங்கிவிடுவாள். பக்கத்து சீட்டில் நான் இருக்க வேண்டும்.

கோபம் வந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள், மூன்றாம் நாள் போன் செய். நித்திலனுக்குப் பிறந்தநாளன்று தலைக்கு ஊற்றியதும் நன்றாகத் துவட்டு, அந்த ஊர்க் குளிருக்கு ஈரத் தலை ஆகாது. உங்கள் மூவருக்கும் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும், கை வைத்த காரியம் கூடி வரட்டும்.

பதின்மூன்றாம் தேதி கட்டாயம் விமானம் ஏறப்போகிற
உன் அம்மா
தனகோட்டி